நந்தன் வேடம் தாங்குவோருக்கு

(வெள்ளி விழா நாடகக் குழுவினரிடையே ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவையொட்டி நம் இளைஞர்கள் நந்தன் வரலாற்றை நாடகமாக நடிக்க முடிவு செய்தார்கள். அவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பைக் கழகம் என்னிடம் ஒப்படைத்தது. ஒத்திகையின் முதல் நாளன்று நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி என் உரையைத் தொடங்குகிறேன்.

நல்ல குரலும் நினைவாற்றலும் உடைய இளைஞர் ஒருவரை அழைத்து, "தம்பி, நந்தன் வேடம் உனக்குத்தான்" என்றேன். அவர் சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு, "ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வேதியர் வேடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். மேடையில்கூட நான் பறையைத் தூக்கிக்கொண்டு குனிந்து நிற்க வேண்டுமா? அதைப் பார்த்து நாலு பேர் சிரிக்க வேண்டுமா?" என்று கேட்டார். கூடியிருந்த இளைஞர் எவரும் அவரை மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அன்று விடை தோன்றவில்லை. "நாளை பேசுவோம், தம்பி" என்று சொல்லி ஒத்திகையை முடித்துவிட்டு, சண்முக நதிப் பக்கமாக நடந்து வீடு திரும்பினேன். அந்தக் கேள்விக்கு நான் தேடிக் கண்ட விடையே இவ்வுரை.

முதலில் என் அனுபவம் ஒன்று. நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது பள்ளி ஆண்டு விழாவில் நந்தனார் நாடகம் போடுவதென்று முடிவாயிற்று. ஆசிரியர் வகுப்பினுள் வந்தார். எங்களை ஒருமுறை நோக்கினார். "நந்தன் நீ" என்று என்னைச் சுட்டினார். பாடத் தெரியுமா என்று கேட்கவில்லை. வசனம் சொல்லிப் பார்க்கவும் இல்லை. எனக்குக் கற்பிக்கப்பட்டவை மூன்றே. முதுகை வளைக்க வேண்டும். கையால் வாயைப் பொத்த வேண்டும். குரலை நடுங்கவிட வேண்டும். விழா நாளில் அடுப்புக்கரியைக் குழைத்து முகத்தில் பூசினார்கள். இயற்கை எனக்கு அளித்திருந்த நிறம் அவர்களுக்குப் போதவில்லை போலும்! நாடகம் முடிந்ததும் பலத்த கைதட்டல். எனக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசாகக் கிடைத்தது.

என் தந்தையார் கூலி வேலை முடித்து வந்து கடைசி வரிசையில் நின்று பார்த்திருந்தார். வீடு திரும்பும் வழியில் நெடுநேரம் அவர் பேசவில்லை. வரப்பில் இறங்கியபோது சொன்னார்: "உங்க தாத்தாவை நீ பார்த்ததில்லையப்பா. ஏர் பிடிச்சு நடந்தா மாடுகூட அவர் பேச்சைக் கேக்கும். பண்ணைக்காரர் எதிரே வந்தா குனிவார், வாஸ்தவம்தான். அந்த ஆள் அந்தப் பக்கம் போனதும் நிமிர்ந்துக்குவார். நீ ஒரு தடவைகூட நிமிரலையேப்பா?"

எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தை கேட்ட அந்த ஒரு கேள்வி, நடிப்பைப் பற்றி நான் பிற்காலத்தில் படித்த நூல்கள் பலவற்றிலும் மேலானது. குனிதல் என்பது ஒருவன் உடம்பின் இயற்கை வடிவமன்று. அது ஒரு செயல். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் காட்டாமல் குனிவை மட்டும் காட்டுகிறவன், நம் முன்னோரை அவர்களை அடக்கியவர்களின் கண் கொண்டு பார்க்கிறான். நான் செய்த பிழை அதுவே.

ஆகவே இரண்டு செய்திகளை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்பைப் பார்த்து வேடம் ஒதுக்கும் உரிமை எவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நந்தன் வேடம் வேண்டாம் என்று அந்தத் தம்பி சொன்னது அவருடைய உரிமை. ஆனால், அந்த வேடத்தை எவர் ஏற்றாலும் தக்க ஆயத்தமின்றி ஏற்கக் கூடாது. அந்த ஆயத்தம் எத்தகையது என்பதையே இனிச் சொல்லப் போகிறேன்.

பெரியோர் காட்டிய வழி

நடிப்பு பயின்று பெறும் கலை. 1891-ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறும் முறை பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வளர்ந்த பாலர் நாடகக் கம்பெனிகளில் சிறுவர்கள் பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்தே வளர்ந்தார்கள். அந்த மரபில் வந்தவர் தி. க. சண்முகம். 1912-இல் பிறந்த அவர், 1942-இல் ஔவையார் நாடகத்தில் ஔவையாகவே நடித்தார். முப்பது வயது ஆடவர், கூன் விழுந்த மூதாட்டியாக மேடையில் நின்றார். 'அவ்வை சண்முகம்' என்ற பெயர் அவருக்கு வாழ்நாள் முழுதும் நிலைத்துவிட்டது. கனிக்காகக் கோபித்து வந்து நின்ற முருகனைக் காண ஔவை வந்த கதை நம் பழனிக் கதையாயிற்றே! அந்த ஔவையை நரைமுடியும் கோலும் மட்டும் உண்டாக்கிவிட முடியாது. முதுமை முதுகெலும்பில் இருக்கிறது; மூச்சு வாங்கும் இடத்தில் இருக்கிறது; கால் ஊன்றும் முறையில் இருக்கிறது. அங்கே முதுமையைக் கண்டுகொள்ளாத நடிகர், எத்தனை பவுடர் பூசினாலும் இளைஞராகவே தெரிவார்.

நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சிறுவனாக இருந்தபோது கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர். அந்த வித்து 1957-இல் சேலத்தில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகமாக அரங்கேறியது, 1959-இல் திரைப்படமாயிற்று, 1960-இல் கெய்ரோ நகர விழாவில் சிறந்த நடிகர் என்ற விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. 1798-இல் இராமநாதபுரத்தில் கட்டபொம்மன் ஜாக்சன் துரையைச் சந்தித்தது வரலாறு. மேடையிலும் திரையிலும் நாம் கேட்டு மெய்சிலிர்த்த வசனமோ சக்தி கிருஷ்ணசாமியின் பேனா தந்தது. நடிப்பு மிகச் சிறப்பாக அமைந்துவிட்டால் மக்கள் அதையே வரலாறு என்று கொள்வார்கள். ஆதலால் சரித்திர நாடக நடிகனுக்குப் பொறுப்பு அதிகம்.

கடல் கடந்த நாட்டிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. ரஷ்ய நாட்டின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியபோது, பதினாறாம் நூற்றாண்டு மன்னன் சார் ஃபியோதரின் கதையைக் கூறும் நாடகத்தை மேடையேற்றினார். அதற்காக அவரும் தோழர்களும் பழைய நகரங்களுக்குப் பயணம் செய்து, பழந்துணிகளையும் பூவேலைப்பாடுகளையும் பாத்திரங்களையும் தேடிச் சேகரித்தார்கள். 1902-இல் கார்க்கி எழுதிய 'அடித்தளத்தில்' என்ற நாடகத்தை நடிக்கும் முன்னர், நடிகர்கள் மாஸ்கோவின் ஏழைச் சேரிக்கே சென்று மக்களைக் கண்டு வந்தார்கள். "நான் இந்த நிலையில் இருந்தால் என்ன செய்வேன்?" என்று நடிகன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய போதனை.

ஏழையைக் காண அவர்கள் வண்டி ஏறிச் செல்ல வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர்கள் தேட வேண்டிய செல்வத்தில் பாதி அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

முதல் ஆயத்தம்: நூல்

நந்தன் வேடம் ஏற்பவர், நந்தனைப் பற்றி யார், எப்போது, என்ன எழுதினார்கள் என்பதை வரிசைப்படுத்திக் கொள்ள வேண்டும். சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் 'திருநாளைப்போவார்' என்ற பெயரை மட்டும் சொல்லிச் செல்கிறார். பின்னர் நம்பியாண்டார் நம்பி அந்தாதியில் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் ஆதனூரையும் அதன் சேரியையும் விரித்துக் காட்டினார்.

சேக்கிழாரைப் படித்தால் வியப்பான ஒன்று புலப்படும். நந்தனைக் கொடுமைப்படுத்தும் வேதியர் அங்கே இல்லை. அந்தப் பாத்திரம் 1860-களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் பேருருவம் கொள்கிறது. பண்ணையடிமை முறையை நேரில் கண்ட தஞ்சை மண்ணில் வாழ்ந்த பாரதியார், தம் காலத்து நிலவுடைமையாளரைப் பழங்கதைக்குள் கொண்டு வந்து நிறுத்தினார் என்றே நான் கருதுகிறேன். 1978-இல் வெளிவந்த இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை', நந்தன் தீயில் இறங்கியதை ஆதிக்கக்காரர்களின் சூழ்ச்சியாகக் காட்டியது.

ஆக, ஒரே நந்தன் நம் முன் பலராக நிற்கிறான். நாம் எந்த நந்தனை மேடைக்கு அழைத்து வருகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். எது புராணம், எது கீர்த்தனை, எது பிற்காலப் புனைவு என்று அறியாமல் கலந்து நடிப்பவன், பாடப்புத்தகம் எது என்று தெரியாமல் தேர்வு எழுதப் போன மாணவனுக்கு ஒப்பாவான்.

இரண்டாம் ஆயத்தம்: காலம்

நந்தன் சுந்தரருக்கு முற்பட்டவர். சுந்தரரை எட்டாம் நூற்றாண்டை ஒட்டியவர் என்று அறிஞர் கொள்வர். அப்படியானால் நந்தன் குடிசையில் என்ன இருக்கலாம், என்ன இருக்கலாகாது? ஒத்திகையில் ஒரு தம்பி நந்தன் கஞ்சிக்குப் பச்சை மிளகாய் கடித்துக்கொள்வதாக நடித்துக் காட்டினார். நடிப்பு மிக அழகாகத்தான் இருந்தது. ஆனால் மிளகாய் போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னர், பதினாறாம் நூற்றாண்டை ஒட்டி இந்நாட்டுக்கு வந்தது. புகையிலையும் அப்படியே. நம் கொடைக்கானல் மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் நந்தன் கண்ணிலும் கண்டிராதவை. திரைச்சீலையில் வரைந்திருந்த சீமைக்கருவேல மரம் நேற்று வந்த மரம். நந்தனுக்குக் காரம் வேண்டுமானால் மிளகு உண்டு. அதுவும் அவனுக்குக் கிட்டியிருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவை சில்லறைச் செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் இவற்றைத் தேடும்போது நடிகனின் மனம் அந்தக் காலத்தில் குடியேறத் தொடங்குகிறது. சேக்கிழார் காட்டும் சேரியைப் பாருங்கள். கூரை மேல் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. மாமரத்தில் பறைகள் தொங்குகின்றன. கோழிகள் குஞ்சுகளோடு திரிகின்றன. அரங்கம் அமைப்போருக்கு இதைவிட வேறு வழிகாட்டி வேண்டுமா?

மூன்றாம் ஆயத்தம்: கை

நந்தன் என்ன வேலை செய்தான் என்று கேட்டால், பலரும் "உழுதான்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். சேக்கிழார் சொல்வது வேறு. கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோலும் அதை இழுத்துக் கட்டும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், இறைவன் பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவன் நந்தன். உள்ளே ஒலித்த இசைக்கு வேண்டிய பொருளை வெளியே நின்றவன் தந்தான்! அவன் தந்த தோல் கருவறை அருகே சென்றது. அவன் செல்ல முடியவில்லை. இந்த ஓர் உண்மையைக் கை உணர்ந்துவிட்டால் நடிகனுக்கு வசனமே தேவையில்லை.

எனவே நம் குழுவினரைப் பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் இளமையில் தோல் பதனிட்டவர், பறை கட்டியவர். சுண்ணாம்பு நீரில் தோலை ஊறவைத்து மயிர் களைவதையும், ஆவாரம்பட்டைச் சாற்றில் பதமாக்குவதையும் அவர் எடுத்துச் சொன்னார். வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்... ஆச்சு!" என்று அவர் சொன்னபோது, அவர் முகத்தில் ஓர் ஆசிரியரின் கண்டிப்பும் ஒரு வித்துவானின் பெருமிதமும் இருந்தன. "இது இழிவான வேலை என்று சொல்கிறார்களே, தாத்தா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர், "வேலை என்னப்பா பண்ணுச்சு? செஞ்சவனை நிறுத்தி வெச்ச இடம்தான் இழிவு" என்றார்.

வேடத்தை வேண்டாம் என்று சொன்ன தம்பியும் அன்று உடன் வந்திருந்தார். பறையை வாங்கித் தட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

நான்காம் ஆயத்தம்: உடம்பு

கீர்த்தனையில் வரும் ஒரு கட்டளையை எடுத்துக்கொள்வோம். தில்லைக்குச் செல்ல விடை கேட்கிறான் நந்தன். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். நடிகன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் நாற்று நட்டு வந்த தன் தாயின் இடுப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டளை காதில் விழும்போது நந்தனின் கால் என்ன செய்யும்? கை என்ன செய்யும்? மூச்சு எங்கே நிற்கும்? உடனே அழுதுவிடுவது எளிது. ஒரு கணம் அவன் அந்த நிலப்பரப்பைத் திரும்பிப் பார்ப்பானே, அதுதான் அரிது.

குனிய வேண்டிய இடத்தில் குனியுங்கள். ஆனால் யார் வந்ததால் குனிந்தீர்கள் என்பது பார்ப்பவர்க்குத் தெரிய வேண்டும். அவர் போனதும் நிமிருங்கள். அந்த நிமிர்வைப் பார்த்துத்தான் குனிவின் கொடுமை அவையோருக்கு விளங்கும்.

ஐந்தாம் ஆயத்தம்: மெய்ப்பாடு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மேடையில் பெரும்பாலும் நந்தனுக்குக் கொடுக்கப்படுபவை அழுகை, இளிவரல், அச்சம் ஆகிய மூன்றே. எஞ்சிய ஐந்தும் அவனுக்கு இல்லையா? திருப்புன்கூரில் நந்தி விலகியபோது அவனுக்கு மருட்கை இல்லையா? தோழர்களோடு பாடி ஆடியபோது உவகை இல்லையா? "நாளைப் போவேன்" என்று ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி ஏமாந்தவன் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருக்க மாட்டானா? வெகுளி அவனுக்கு மட்டும் விலக்கப்பட்டதா?

பெருமிதம் எதனால் பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியர் நான்கு காரணங்களைக் கூறுகிறார். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகியவை அவை. முதலிடம் கல்விக்கு. இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரு கல்விக் கழகத்தை நடத்தி வரும் நமக்கு அந்த வரிசையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. நந்தனுக்கு அந்த முதலாவது மறுக்கப்பட்டது. எஞ்சிய மூன்றும் அவனிடம் இருந்தன. கோயிலுக்குத் தோலும் நரம்பும் கொடுத்தானே, அது கொடை அல்லவா?

கோயில் வாசலில் நிற்பது

நந்தனைத் திரையில் நடித்தவர்களையும் நினைவு கூர்வோம். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடம் தாங்கி நந்தனாக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் நாடே வியந்த செய்தி. சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். காவிரித் தீர்த்தம் சுமந்து காவடி எடுப்போர் பழனிக்கு நடந்து வரும் அந்தக் கொடுமுடிதான் அம்மையாரின் ஊர். 1933-இல் கணவர் கிட்டப்பாவை இழந்து வெள்ளாடை பூண்டவர் அவர். நந்தனின் உடல் அவருக்கு இல்லை. இழப்பை அறிந்த குரல் இருந்தது. 1942-இல் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். தேவாரம் ஓதும் மரபில் வந்த அவருக்கு வாசலாக அமைந்தது பண்ணிசை.

இப்போது ஆண்டுகளைச் சற்றுக் கவனியுங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலியோர் நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் நாள். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். அப்படியானால் 1935-இல் கொட்டகையில் மண் தரையில் அமர்ந்து நந்தன் கோயிலுக்குள் போனதைக் கண்டு கண்ணீர் விட்ட நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும், படம் முடிந்து எழுந்து போய் மதுரைக் கோயில் வாசலுக்கு வெளியேதான் நிற்க முடிந்தது. நந்தன் திரையில் உள்ளே போனான். பார்த்தவர்கள் வெளியே நின்றார்கள்.

கோயில் வாசல் காட்சியில் நடிக்கும்போது இதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசலில் நிற்பவன் ஒருவன் அல்லன். அவனுக்குப் பின்னால் எத்தனையோ தலைமுறைகள் வரிசையில் நிற்கின்றன.

இதே உண்மையை நம் மலைமீதும் காணலாம். கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மோட்டார்ச் சாலை வருவதற்கு முன்னர் வெள்ளைக்காரத் துரைமாரும் அம்மையாரும் நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து மலையேறினார்கள். அமர்ந்தவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை. நாளை எவரேனும் கொடைக்கானல் வரலாற்றை நாடகமாக்கினால் துரை வேடத்துக்குப் போட்டி இருக்கும். டோலி தூக்குபவனாக நிற்க ஆள் கிடைக்காது. ஆனால் அந்த நால்வர் தோள் கொடுக்காமல் துரை மலையேறியிருக்க முடியாது. பெயர் இழந்தவனுக்கு ஒரு மாலைப் பொழுதேனும் முகத்தைத் திருப்பிக் கொடுப்பது நடிகனால் ஆகும் காரியம்.

வேதியர் வேடமும் எளிதன்று

வேதியர் வேடம் கேட்ட தம்பிக்கும் ஒரு சொல். பூணூலும் அங்கவஸ்திரமும் அணிந்து உரக்கக் கத்தினால் வேதியர் ஆகிவிட முடியாது. ஆணையிட்டே பழகியவன் உரக்கப் பேசுவதில்லை. அவனுக்கு அது தேவைப்படுவதில்லை. எதிரே நிற்பவன் முகத்தைப் பாராமலே பேசுவான். காத்திருக்க வைப்பான். அந்த நுட்பங்கள் உங்களுக்குப் புதியவை அல்ல. நம் தாத்தாக்களும் பாட்டிகளும் எசமானர்களின் கண்ணசைவைப் படித்தே உயிர் பிழைத்தார்கள். அடங்கி நின்றவன் ஆண்டவனை அறிந்திருந்த அளவுக்கு, ஆண்டவன் அடங்கி நின்றவனை அறிந்ததில்லை. அந்த அறிவை மேடையில் பயன்படுத்துங்கள். வேதியரைக் கேலிப் பொம்மையாக்கிவிடாதீர்கள். என்னைக் குனிந்த பொம்மையாக்கியதும், அவரைக் கத்தும் பொம்மையாக்குவதும் ஒரே வகைச் சோம்பல்தான். கீர்த்தனையில் இறுதியில் மனம் மாறுபவர் அவர். மாறக்கூடிய மனிதராக அவரை முதலிலிருந்தே நடித்து வந்தால்தான் அந்த மாற்றம் நம்பும்படி அமையும்.

நந்தனுக்குப் பின் கிந்தன்

நம் நாடகத்தின் இறுதிப் பகுதியாகக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் கிந்தனார் கதையையொட்டி ஒரு சிறு காட்சியை இளைஞர்கள் சேர்த்திருக்கிறார்கள். அது மிகப் பொருத்தமானது. பழனிக்கு அண்மையிலுள்ள உடுமலைப் பக்கம் பூளவாடியில் பிறந்த நாராயணகவியின் ஆக்கம் அது. 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலும் இடம்பெற்றது. நந்தன் தில்லைக்குப் போக விரும்பினான். கிந்தன் பள்ளிக்குப் போக விரும்புகிறான். நந்தன் நெருப்பில் மூழ்கி, வேறு உருவில் எழுந்த பிறகே உள்ளே விடப்பட்டான். கிந்தனோ நகரத்துக்குச் சென்று படித்து, தன் உருவத்தோடும் தன் பெயரோடும் உயர்கிறான். கேலியும் சிரிப்புமாகக் கலைவாணர் சொன்ன இந்தக் கதையில் நம் கழகத்தின் நோக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கிந்தனாக நடிப்பவருக்கும் ஆயத்தம் வேண்டும். முதன்முதலில் சிலேட்டைக் கையில் வாங்கிய நாள் உங்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம். உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர் நம் கழகத்தின் மூத்தோரில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி நின்றார்கள், எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், மழை வந்தால் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பேடு நாடகம் முடிந்த பின்னரும் நம் நூலகத்தில் இருக்கட்டும். நாடகத்தைவிட அது நீண்ட நாள் வாழும்.

அன்புச் செல்வங்களே! முதல் நாள் கேட்ட கேள்விக்கு மீண்டும் வருகிறேன். "பட்டம் வாங்கிய பிறகும் நான் பறையைத் தூக்க வேண்டுமா?" தூக்க வேண்டும் என்று எவரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது, தம்பி. அந்தக் காலத்தை முடித்து வைக்கத்தான் இந்தக் கழகம் தோன்றியது. ஆனால், விரும்பி எடுத்து, அதன் வரலாற்றைப் படித்து, அதன் தோலையும் வாரையும் அறிந்து, நிமிர்ந்து நின்று நீ அதைத் தட்டினால், அதைக் கண்டு சிரிப்பவன் தன் அறியாமையைத்தான் காட்டிக்கொள்வான்.

அந்தத் தம்பி வேதியராகவே நடிக்கிறார். நேற்றைய ஒத்திகையில் அவர் தாழ்ந்த குரலில், நந்தனின் முகத்தைப் பாராமலே, "நாற்பது வேலி" என்று சொன்னபோது அரங்கில் இருந்த அனைவரும் அடங்கிப் போனோம். நந்தன் வேடத்தைக் கேட்டு முன்வந்தவர் நம் கழக விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருவர். "கே. பி. சுந்தராம்பாள் நடித்தாரே, நான் நடிக்கக் கூடாதா, ஐயா?" என்று கேட்டார். அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றே. என் தந்தை வரப்பில் நின்று என்னிடம் கேட்டதை அப்படியே சொன்னேன்.

விழா நாளன்று அந்தப் பெண் எந்தெந்த இடத்தில் நிமிர்கிறார் என்று கவனித்துப் பாருங்கள்.